ராமேஸ்வரம் போகுமுன் மொரீசியஸில் கேட்கும் கேள்விகள்

மொரீசியஸில் காத்ர் போர்ன் ஊரின் கோயில் வகுப்பில் சனிக்கிழமைதோறும் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கோயில் குழுவோடு மூன்று முறை ராமேஸ்வரம் போய் வந்ததால், ஊரில் யார் டிக்கெட் போட்டாலும் போன் எனக்குத்தான் வருகிறது. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"ராமேஸ்வரம் எங்கே இருக்கு? அதுவும் நம்ம மாதிரி தீவுதானா?"

தீவுதான். தமிழ்நாட்டில் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது, பாம்பன் தீவு என்று பெயர். மேற்கு முனையில் பாம்பன், நடுவில் தங்கச்சிமடம், கிழக்கே கோயிலும் ராமேஸ்வரம் ஊரும். அங்கிருந்து தென்கிழக்கே வால்போல நீண்டு மெலியும் மணல்திட்டின் நுனியில் தனுஷ்கோடி. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. 2011 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை 44,856.

நம் தீவு எரிமலைக் கல். அது மணலும் பவளப் பாறையும். அதனால் மலையைத் தேடாதீர்கள். 'கந்தமாதன பர்வதம்' என்ற பெயரைக் கேட்டுவிட்டு, கோர் தெ கார்ட் முருகன் கோயிலுக்குப் படியேறுவது போல இருக்கும் என்று எங்கள் குழுவில் ஒருவர் புது ஷூ வாங்கிக்கொண்டு வந்தார். பர்வதம் என்பது ஒரு மணல்மேடு. அதன்மேல் ராமர் பாதம் உள்ள மண்டபம். ஆனால் தீவிலேயே உயரமான இடம் அதுதான், மேலே ஏறினால் சுற்றிலும் கடலும் கோபுரமும் தெரியும்.

"விமானம் நேரே அங்கே இறங்குமா?"

இறங்காது. பக்கத்து விமான நிலையம் மதுரை; அங்கிருந்து சாலையில் ஏறத்தாழ 170 கி.மீ., காரில் மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இறங்குகிறவர்களுக்கு இரவு ரயில் நல்லது. ரயில் எந்த நிலையத்திலிருந்து புறப்படுகிறது என்பதை மட்டும் சீட்டில் இரண்டு தடவை பாருங்கள். எழும்பூர் வேறு, தாம்பரம் வேறு. நடுவில் சென்னைப் போக்குவரத்து இருக்கிறது.

இந்திய நேரம் நமக்கு ஒன்றரை மணி முன்னால். வீட்டில் கொலுசு போட்ட பேத்தியோடு பேச நினைத்து விடிகாலை 5 மணிக்குக் கோயில் வாசலிலிருந்து போன் போடாதீர்கள். இங்கே மூன்றரை.

"ரயில் கடல்மேலே போகுமாமே, பயமா இருக்காதா? அது இடிஞ்சு போன பாலம்னு சொன்னாங்களே?"

இரண்டு பாலங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். பழைய பாம்பன் பாலம் 1914 பிப்ரவரியில் திறந்தது, நீளம் 2 கி.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து, இரு கைகளைத் தூக்குவது போல மேலே எழும். அதைத் தொழிலாளர்கள் கையால் சுற்றித் தூக்கினார்கள். உப்புக்காற்று இரும்பை அரித்ததால் 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது ரயில் போவது அதற்குப் பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலத்தில். 2025 ஏப்ரல் 6, ராம நவமி அன்று திறந்தார்கள். அதன் நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி பிளக்காமல், லிஃப்ட் மாதிரி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகும். இதெல்லாம் மோட்டார் வேலை. சாலைப் பாலம் தனி; 1988 அக்டோபரில் திறந்தது. அதற்கு முன்னால் கார், பஸ்ஸுக்கு வழியே இல்லை, ரயில் அல்லது படகுதான்.

பயம் என்று கேட்டால், ரயில் அங்கே மெதுவாகத்தான் ஊர்கிறது. நம் நாட்டில் 1956இல் பயணிகள் ரயில் நின்றபிறகு பிறந்தவர்களுக்கு மெட்ரோ எக்ஸ்பிரஸ்தான் ரயில். அவர்கள் இதற்காகவே ஒருவழியாவது ரயிலில் போக வேண்டும். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை வரும், பெரியவர்களுக்கு விட்டுக்கொடுங்கள்.

"நம்ம ஊர்லயே இவ்வளவு சிவன் கோயில் இருக்கே, அங்கே போய் என்ன விசேஷம்?"

நியாயமான கேள்வி. பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான். பத்ரிநாத், துவாரகை, புரி, ராமேஸ்வரம் என்ற நான்கு திசைத் தலங்களில் தெற்கே உள்ளது இது. சம்பந்தரும் அப்பரும் தேவாரம் பாடிய தலம்; தேவாரத்தில் 'இராமேச்சுரம்' என்று வரும். ராமன் சிவனைப் பூசித்த இடம் என்பதால் வைணவர்களும் வருகிறார்கள். வடநாட்டுக்காரர்கள் வந்து குவிவதைப் பார்த்தால், நாம் போர்ட் லூயியில் கைலாசன் கோயிலில் பேசும் தமிழைவிட அங்கே வரிசையில் இந்திதான் அதிகம் கேட்கும்.

"லிங்கம் ரெண்டு இருக்காமே, எதை முதல்ல கும்பிடணும்?"

விசுவலிங்கத்தை, அதாவது அனுமன் கொண்டுவந்ததை. தலபுராணக் கதை இது: ராவணனைக் கொன்ற தோஷம் நீங்க ராமர் சிவபூசை செய்ய வேண்டும். லிங்கம் கொண்டுவர அனுமன் கயிலைக்குப் போகிறார், திரும்பத் தாமதமாகிறது. நல்ல நேரம் போய்விடும் என்று சீதை மணலிலேயே லிங்கம் பிடித்து வைக்க, பூசை முடிகிறது. அதுதான் மூலவர் ராமலிங்கம். பிறகு வந்து சேர்ந்த அனுமன் கோபத்தில் மணல்லிங்கத்தை வாலால் சுற்றி இழுத்துப் பார்க்கிறார், அசையவில்லை. அவர் மனம் நோகக் கூடாது என்று ராமர், "நீ கொண்டுவந்ததற்கே முதல் பூசை" என்று வரம் கொடுக்கிறார். இன்றைக்கும் அந்த வரிசைதான்.

அம்பாள் பர்வதவர்த்தினி. விடியற்காலை 5 மணியளவில் ஸ்படிகலிங்க தரிசனம் உண்டு. சீக்கிரம் எழுந்திருக்கிறவர்கள் விடாதீர்கள்.

"அந்த நீள மண்டபத்தை ராஜராஜ சோழன்தானே கட்டினான்?"

இல்லை. பெரிய கோயிலென்றால் எல்லாவற்றையும் ராஜராஜன் கணக்கில் எழுதுவது நம் வழக்கமாகிவிட்டது. ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் கோயில் இது. சேதுவுக்குக் காவலர் என்பதுதான் அந்தப் பட்டத்தின் பொருளே. நீங்கள் படத்தில் பார்க்கும் வெளிப் பிரகாரம் 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடிந்தது. 1,212 தூண்கள், நான்கு பக்கமும் சேர்த்து நடந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். தீவில் கருங்கல் கிடையாது என்று மேலே சொன்னேன் அல்லவா, அத்தனை கல்லும் கடல் தாண்டி வந்தது என்பதை நினைத்துக்கொண்டு நடங்கள். கூட்டம் குறைந்த மத்தியானத்துக்கு முன் ஒரு தடவை, சாமி கும்பிடுவதற்கென்று இல்லாமல், சும்மா சுற்றிவர வேண்டும்.

இன்னொரு செய்தி. சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரியில் இந்திய மண்ணில் முதலில் கால் வைத்தது பாம்பனில்தான். வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி. குந்துகாலில் நினைவு மண்டபம் இருக்கிறது.

"22 கிணறு எல்லாத்துலயும் குளிக்கணுமா? அம்மாவுக்கு 74 வயசு, முட்டிவலி."

முறை இதுதான்: முதலில் கோயிலுக்குக் கிழக்கே அக்னி தீர்த்தம், அதாவது கடல். அங்கே முழுகி, ஈரத்தோடு கோயிலுக்குள் வந்து 22 தீர்த்தங்கள். கடைசியில் கோடி தீர்த்தம். கிணற்றில் நீங்கள் இறங்க வேண்டியதில்லை. கிணற்று மேடையில் நிற்பவர் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார். சீட்டைக் கோயில் கவுன்ட்டரில் மட்டும் வாங்குங்கள். வெளியே ஒருவர் 'எல்லாம் சேர்த்து நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லி, முதல் பயணத்தில் எங்களிடம் வாங்கிய தொகையைச் சொன்னால் என் மனைவி இன்னொரு தடவை திட்டுவாள்.

அம்மாவுக்குத் தடை கிணறு அல்ல, தரை. எங்கும் ஈரம், வழுக்கும், ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அக்னி தீர்த்தத்தில் கால் நனைத்து, கோடி தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும் என்று அங்கே ஒரு குருக்களே எங்கள் பெரியவர்களிடம் சொன்னார். மற்றவர்கள் சுற்றி வரும்வரை அம்மா பிரகாரத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

"கடல் பக்கத்துல கிணறுன்னா உப்பாத்தானே இருக்கும்?"

இருக்காது, அதுதான் அதிசயம். கொஞ்சம் விஞ்ஞானமும் உண்டு. மணல்தீவில் பெய்யும் மழை அப்படியே கீழே இறங்குகிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு என்பதால், அடியில் உள்ள கடல்நீரின்மேல் மிதந்து ஒரு லென்ஸ் போலத் தங்குகிறது. ஆழம் தோண்டாமல் அந்த மேல்தண்ணீரை எடுத்தால் இனிக்கும். தனுஷ்கோடி மீனவர்கள் கையாலேயே மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுப்பார்கள். தங்கச்சிமடத்தில் வில்லூன்றி தீர்த்தம் கடலுக்குள்ளேயே இருக்கும் நல்ல தண்ணீர்க் கிணறு. சீதையின் தாகத்துக்கு ராமர் வில்லை ஊன்றினார் என்பது கதை.

"ஈரத்துணியோட சாமி பார்க்கலாமா? போன் எடுத்துட்டுப் போகலாமா?"

இரண்டுக்கும் இல்லை. தீர்த்தம் முடிந்ததும் உலர்ந்த துணிக்கு மாறித்தான் சன்னிதிக்குப் போக வேண்டும். மாற்றுத் துணியைக் கையோடு எடுத்துப் போங்கள். விடுதியில் வைத்துவிட்டு வந்தவர்கள் சொட்டச் சொட்ட ரோட்டில் நடந்த கதை எங்களுடையது. போனை வெளியே ஒப்படைக்க வேண்டும். அதனால் குழு பிரிந்தால் சந்திக்கும் இடத்தை உள்ளே போகுமுன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நந்தியின் பக்கம் என்றால் யாருக்கும் தெரியும்.

"என் மருமகள் பிரெஞ்சுக்காரப் பெண். உள்ளே விடுவாங்களா?"

பிரகாரங்களைச் சுற்றிப் பார்க்கலாம். கருவறைப் பக்கம் இந்துக்களுக்கு மட்டும் என்று பலகை உண்டு. வாசலில் வாதாடிப் பயனில்லை. உண்மையைச் சொல்லப்போனால் அவர் பார்க்க வேண்டியது அந்தத் தூண்களைத்தான், அதற்குத் தடை இல்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்பதற்காக நம்மைத் தடுப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். நெற்றியில் திருநீறும் வாயில் நாலு தமிழ் வார்த்தையும் போதும்.

"ஸ்கூல் லீவு டிசம்பர்லதானே. அப்போ போகலாமா?"

இங்கேதான் நம் கணக்கு இடிக்கிறது. நமக்குச் சிக்லோன் பருவம் நவம்பர் தொடங்கி ஏப்ரல்வரை, உச்சம் ஜனவரி, பிப்ரவரி. அங்கே வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர்வரை, புயலும் அப்போதுதான். ஜனவரி இரண்டாம் வாரத்துக்குப் பிறகு வானம் தெளிந்துவிடும். விடுமுறை முடிவதற்குள் ஜனவரி முதல் வாரம் போக முடிந்தால் ஓரளவு பரவாயில்லை. ஏப்ரல், மே மாத வெயிலில் பிரகாரத்துக்கு வெளியே கல்தரையில் கால் வைக்க முடியாது.

தை அமாவாசை, ஆடி அமாவாசை, புரட்டாசி மகாளய அமாவாசை நாட்களில் லட்சக்கணக்கில் கூட்டம். தர்ப்பணத்துக்கென்றே போகிறவர்கள் தவிர மற்றவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

"தனுஷ்கோடி பேய் ஊராமே? யூடியூப்ல பார்த்தேன்."

பேய் ஒன்றும் இல்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

தனுஷ்கோடி ஒரு துறைமுகம். சென்னையிலிருந்து 'போட் மெயில்' ரயிலில் வந்து, இங்கே நீராவிக் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலில் கொழும்பு போவார்கள். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 இரவு புயலும் கடலும் சேர்ந்து வந்தன. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில், நிலையத்தை எட்டுமுன் அப்படியே அலைக்குள் போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் பிழைத்தவர் இல்லை. மொத்தம் ஏறத்தாழ 1,800 பேர் இறந்தார்கள் என்று கணக்கு. அதன்பின் அரசு, மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்துவிட்டது. பழைய பாம்பன் பாலமும் அன்று சிதைந்தது. அதை 46 நாளில் சரிசெய்தவர் பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய பொறியாளர் ஸ்ரீதரன்.

1960 பிப்ரவரியில் கரோல் புயல் அடித்தபோது நம் தாத்தா, பாட்டிகள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அதற்கப்புறம்தான் இங்கே ஓலை, தகர வீடு போய் கான்கிரீட் வந்தது. இன்றைக்கு நமக்கு 'நாலாம் எண் எச்சரிக்கை' என்று வானொலி சொல்கிறது, கதவைச் சாத்திக்கொள்கிறோம். தனுஷ்கோடிக்கு அந்த இரவில் யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் குழுவில் கரோலைப் பார்த்த ஒரு அம்மா, இடிந்த மாதா கோயில் சுவரைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். இளசுகள் அங்கே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள், அப்புறம் அவர்களே நிறுத்திவிட்டார்கள்.

மீனவக் குடும்பங்கள் இன்றும் அங்கே குடிசைகளில் இருக்கின்றன. அவர்கள் கடையில் பொரித்த மீன் சாப்பிடலாம். கோயில் முடித்துவிட்டுச் சாப்பிடுங்கள். வழியில் உள்ள கோதண்டராமர் கோயில் அந்தப் புயலிலும் நின்றது. விபீஷணன் சரணடைந்த இடம் என்பார்கள்.

"அங்கே நீச்சல் அடிக்கலாமா? நாங்க ஃபிளிக் என் ஃப்ளாக்ல வளர்ந்தவங்க."

ஃபிளிக் என் ஃப்ளாக்கில் பவளத்திட்டு அலையைத் தடுத்து, உள்ளே லகூனை அமைதியாக வைத்திருக்கிறது. தனுஷ்கோடியில் அந்த வேலி கிடையாது. வடக்குப் பக்கத்துக் கடலைப் பெண்கடல் என்றும், தெற்குப் பக்கத்தை ஆண்கடல் என்றும் உள்ளூரார் சொல்வார்கள்: ஒன்று குளம் மாதிரி, மற்றது முரடு. இரண்டும் சேரும் அரிச்சல்முனையில் நீரோட்டம் இழுக்கும். கால் நனைப்பதோடு சரி. அக்னி தீர்த்தம் குழந்தைகளுக்கும் பயமில்லாத இடம்.

அரிச்சல்முனைவரை 2017இல் தார்ச்சாலை வந்துவிட்டது. சாயங்காலம் போலீஸ் திருப்பி அனுப்பிவிடும். மத்தியானம் மூன்று மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

"அந்த முனையிலிருந்து இலங்கை தெரியுமா? ராமர் பாலத்துல நடந்து பார்க்கலாமா?"

தெரியாது. தலைமன்னார் 30 கி.மீ. தூரம்தான், ஆனால் தட்டையான நிலம். நம் பக்கத்துத் தீவான ரெயூனியன் அதைவிடப் பல மடங்கு தள்ளி இருந்தும் சில மாலைகளில் நம் மேற்குக் கரையிலிருந்து தெரிகிறதென்றால், அங்கே 3,000 மீட்டருக்கு மேல் மலை இருப்பதால். இலங்கை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் போனுக்குத் தெரியும். இலங்கை நெட்வொர்க் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

நடக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். நடுவில் சர்வதேச எல்லை. அதைத் தாண்டியதற்காகச் சிறைப்படும் மீனவர்கள் கதை அந்த ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு.

"சரி, உங்க கருத்தைச் சொல்லுங்க: பாலம் ராமர் கட்டினதா, தானா வந்ததா?"

நீண்ட வரிசையாகச் சுண்ணாம்புக்கல்லும் மணலும் சேர்ந்த திட்டுகள், நடுநடுவே ஆழமில்லாத தண்ணீர். பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தபோது இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலம். அந்தத் தரைவழியின் மிச்சம் இது என்பது புவியியல் சொல்வது. கப்பல் போக இதை வெட்டும் சேதுசமுத்திரத் திட்டம் 2005இல் தொடங்கி, வழக்கில் நின்றுபோனது.

வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் நான் இரண்டையும் சொல்வேன், கலந்து சொல்ல மாட்டேன். நளன் கட்டினான் என்பது காப்பியம், அதற்கு ஆதாரம் காட்டச் சொல்லிக் கூகுள் படத்தைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியதில்லை.

"கலாம் வீடு பார்க்க முடியுமா?"

முடியும். கோயிலுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் தெரு. 1931இல் அவர் பிறந்தபோது அப்பா படகுக்காரர். யாத்ரீகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிப்போனவர். 2006இல் நம் தேசிய நாளுக்குக் குடியரசுத் தலைவராக இங்கே வந்தவர் என்பதால் நம்மவர்களுக்குத் தனிப் பாசம். 2015இல் அடக்கம் செய்த பேக்கரும்பில் 2017இல் திறந்த நினைவகம் இருக்கிறது, பாம்பனிலிருந்து ஊருக்குள் வரும் வழியிலேயே.

"ஒரே நாள்ல முடிச்சுட்டு மதுரைக்கு வந்துடலாமா?"

வரலாம், பல குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன. கிணறு, தரிசனம், பஸ். எனக்கு உடன்பாடில்லை. குறைந்தது இரண்டு இரவு. முதல் நாள் கோயில். மறுநாள் தனுஷ்கோடி, கந்தமாதனம், வில்லூன்றி. திரும்பும் வழியில் நேரமிருந்தால் திருப்புல்லாணி பெருமாள், உத்தரகோசமங்கை. உத்தரகோசமங்கையின் மரகத நடராஜரை ஆண்டு முழுக்கச் சந்தனம் மூடியிருக்கும். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் களைவார்கள்.

"சங்கு, பவளம் வாங்கிட்டு வரலாமா?"

கடையில் விற்கும் சாதாரணச் சிப்பி மாலை வாங்கலாம். பவளம், கடற்குதிரை தொடாதீர்கள். இந்திய வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. "கடையில்தானே வாங்கினேன்" என்பது விமான நிலையத்தில் செல்லாது.

"காசிக்குப் போகாம இது மட்டும் போனா பாதிப் பலன்தானாமே? கங்கா தலாவ் தண்ணி கொண்டு போகலாமா?"

சேதுவின் மணலை எடுத்துப்போய் கங்கையில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வது முழு யாத்திரை. முடிந்தவர்கள் செய்கிறார்கள். பாதிக்கு மார்க் போட யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. நம் கங்கா தலாவ் ஏரியில் 1972இல் கங்கை நீரைக் கலந்தது உண்மை; ஆனால் அதை அபிஷேகத்துக்கு அங்கே ஏற்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு பாட்டி குட்டி பாட்டிலில் கொண்டுவந்து அக்னி தீர்த்தத்தில் ஊற்றினார். அதை யார் தடுக்க முடியும்?

"நம்ம முன்னோர் அங்கேதானே கப்பல் ஏறினாங்க?"

பெரும்பாலும் இல்லை. பிரெஞ்சுக்காரர் காலத்துக் கைவினைஞர்கள் புதுச்சேரிப் பக்கம். 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள் பெரும்பாலும் சென்னைத் துறைமுகம். பாலத்துக்கு இப்பால் உள்ள மண்டபம் முகாம் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களைத் தங்கவைத்த இடம். அது நம் கதையின் பக்கத்து வீட்டுக் கதை. சொந்த ஊர் தெரிய வேண்டுமானால் முதலில் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களைப் பாருங்கள். ஊர்ப் பெயரை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். வாய்விட்டுப் படித்தால் சில சமயம் புரியும்.

"தர்ப்பணத்துக்கு மூணு தலைமுறைப் பேரு கேப்பாங்களாமே. எங்களுக்குக் கோத்திரமே தெரியாது."

நம்மில் பாதிப் பேருக்கு இதே நிலைதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. கோத்திரம் தெரியாதவர்கள் சிவகோத்திரம் அல்லது காசியப கோத்திரம் என்று சொல்வது வழக்கம். தெரிந்த பெயரைச் சொல்லுங்கள். தெரிந்த, தெரியாத முன்னோர் எல்லாருக்கும் என்று சேர்த்துச் செய்யவும் மந்திரம் உண்டு.

மேலே சொன்ன ஆவணத்தின் நகல் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். எங்களோடு வந்த ஒருவரிடம் கொள்ளுப்பாட்டனாரின் தாள் இருந்தது. பெயர் படிக்க முடியாதபடி மங்கியிருந்தது, குடியேற்ற எண் மட்டும் தெளிவு. கடற்கரையில் புரோகிதர் "பேரு?" என்றதும் அவர் தயங்கித் தயங்கி அந்த எண்ணைப் படித்தார். புரோகிதர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. எண்ணை அப்படியே மந்திரத்துக்குள் சேர்த்து, எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னார்.